ஓகே, எல்லாம் சரி!

1839 மார்ச்சில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு வேலை குறைவு போலும். 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே 'ஒல் கொர்ரெக்ட்' என்று தப்பாக எழுதி, அதையும் 'ஓ.கே.' என்று சுருக்கி அச்சடித்துச் சிரித்தார்கள். அர்த்தம் 'எல்லாம் சரி'. இரண்டு எழுத்தில் ஒன்றுகூடச் சரியில்லை. 'ஆல் ரைட்'டுக்கு 'ஓ.டபிள்யூ.' என்றார்கள். அது பிழைக்கவில்லை. இதற்கு மட்டும் அரசியல் கைகொடுத்தது. மறுவருடத் தேர்தலில், கின்டர்ஹூக் ஊர்க்காரரான ஜனாதிபதி மார்ட்டின் வான் பியூரனை 'ஓல்ட் கின்டர்ஹூக்' ஆக்கி, ஆதரவாளர்கள் ஓ.கே. சங்கமே கண்டார்கள். மனிதர் மண்ணைக் கவ்வினார்; கோஷம் ஜெயித்தது. பின்னாளில் உட்ரோ வில்சன், இது சாக்டா பழங்குடிச் சொல் என்று நம்பி, ஆங்கிலத்தில் நாலெழுத்தாக நீட்டி எழுதினார். பேராசிரியராக இருந்து ஜனாதிபதியானவர். பிழை திருத்தாமல் இருக்க மனசு வருமா?