ஜட்ஜுக்கும் ஓட்டு, சித்தப்பா!

ஹூஸ்டன்,
15.11.2020

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தொம்மலூரில் சித்தி, பாட்டி, சொக்கநாதர் கோயில் பக்கத்து ஜனங்கள் எல்லோரும் சௌக்கியம்தானே?

போனில் "ஜட்ஜுக்கு ஓட்டுப் போட்டேன்" என்று சொன்னதும், "டேய், கதை விடாதே" என்று வைத்துவிட்டீர்கள். பெங்களூர் அட்டாரா கச்சேரி ஹைகோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவர் நீங்கள். மை லார்ட் வருகிறார் என்றால் தாழ்வாரத்தில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றவர். அந்த மை லார்ட் ரோட்டோரம் போர்டு நட்டு, "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று கேட்கிறார் என்றால் எப்படி நம்புவீர்கள்? அதனால் எழுத்திலேயே தருகிறேன். வேண்டுமானால் நோட்டரி முத்திரையும் குத்தி அனுப்புகிறேன்.

டெக்ஸஸில் கவுண்டி கோர்ட்டிலிருந்து மாநிலத்தின் மேல்கோர்ட் வரை ஜட்ஜுகள் எலெக்‌ஷனில்தான் வருகிறார்கள், அதுவும் கட்சி டிக்கெட்டில். மாநில மேல்கோர்ட்டை இங்கே சுப்ரீம் கோர்ட் என்கிறார்கள். நீங்கள் ஹைகோர்ட் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பேர், ஆறு வருஷ டெர்ம். கிரிமினல் கேஸுக்கு இன்னொரு மேல்கோர்ட். அங்கேயும் ஒன்பது பேர், அங்கேயும் ஓட்டுதான்.

நான் ஓட்டுப் போட்டதே காரில் உட்கார்ந்தபடி. கொரோனாவுக்காக எங்கள் ஹாரிஸ் கவுண்டியில் பத்து இடங்களில் இந்த ஏற்பாடு. பார்க்கிங்கில் கூடாரம். வண்டியை உள்ளே விட்டுக் கண்ணாடியை இறக்கி லைசென்ஸைக் காட்டினால், மாஸ்க் போட்ட ஒரு அம்மா மிஷினையே தூக்கி மடியில் வைத்துவிடுகிறார். தொடுதிரையெல்லாம் கிடையாது. ஒரு சக்கரம், ஒரு எண்டர் பட்டன். தாத்தாவின் மர்ஃபி ரேடியோவில் சிலோன் ஸ்டேஷனைத் தேடுவது போலத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். டிரம்ப்பா பைடனா என்பது முதல் திருப்பிலேயே முடிந்தது. அதற்கப்புறம் ஜட்ஜ், ஜட்ஜ், மறுபடி ஜட்ஜ். பின்சீட்டில் பெரியவன் "அப்பா, ஆச்சா?" என்று ஆரம்பித்துவிட்டான். ரெண்டு வருஷம் முன்பு வரை கட்சிப் பேரில் ஒரே அமுக்கு அமுக்கினால் எல்லா ஜட்ஜுக்கும் சேர்த்து விழுமாம். அந்த வசதியை இந்த எலெக்‌ஷனிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இரட்டை இலை, உதயசூரியன், கை என்று சின்னம் ஏதும் இல்லை. பேருக்குப் பக்கத்தில் மூன்றெழுத்து மட்டும்: ரெப் (ரெபப்ளிக்கன்), டெம் (டெமாக்ரட்), லிப். தலைமை நீதிபதி இடத்துக்கு ரெப் சார்பில் நேதன் ஹெக்ட் (ஹெக்டே இல்லை, ஹெக்ட்). 1989இலிருந்து அந்தக் கோர்ட்டில் இருப்பவர். பிறந்தது ஆகஸ்ட் 15, கொடியேற்றி மிட்டாய் கொடுக்க வேண்டிய ஆள். டெம் சார்பில் ஆஸ்டினில் ஜட்ஜாக இருக்கும் ஏமி கிளார்க் மீச்சம். மூன்றாவதாக லிப், அதாவது லிபர்டேரியன் கட்சி. எங்கள் ஹூஸ்டன் வக்கீல் மார்க் ஆஷ்.

இந்த மூன்றாவது ஆள்மேல்தான் எனக்கு ஆசை. சர்க்கார் எவ்வளவு சிறுக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது அந்தக் கட்சியின் கொள்கை. அதற்காகவே சர்க்கார் நாற்காலிக்கு நிற்கிறார்கள்! ஜெயிக்க மாட்டோம் என்பது அவர்களுக்கே தெரியும். ஆனாலும் காரியமில்லாமல் சும்னே நிற்கவில்லை. மாநிலம் முழுக்க நடக்கும் ஏதாவது ஒரு போட்டியில் நூற்றுக்கு இரண்டு ஓட்டு வாங்கினால்தான் ஓட்டுச்சீட்டில் கட்சியின் இடம் நிலைக்கும். போன வருஷம் வரை அது ஐந்தாக இருந்தது. கவர்னர் எலெக்‌ஷனில் அந்த ஓட்டைத் தேற்றுவது பெரும்பாடு. ஜட்ஜ் போட்டி என்றால் ஜனங்களுக்கு ஒருத்தரையும் தெரியாது; மூன்றாவது பேருக்கும் நாலு ஓட்டு விழும். போமான்ட் ஊர் வக்கீல் டாம் ஆக்ஸ்ஃபோர்டு 2014இல் இதே ஹெக்டை எதிர்த்து நின்றார். இந்த வருஷம் அதே கோர்ட்டில் வேறொரு நாற்காலிக்கு நின்றார். நம்மூர் சுயேச்சைகளுக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது.

இனிமேல்தான் வேடிக்கை. செப்டம்பரில் ரெபப்ளிக்கன்காரர்கள், ஃபீஸ் கட்டவில்லை என்று சொல்லி, லிபர்டேரியன் வேட்பாளர்கள் 44 பேரைச் சீட்டிலிருந்து எடுக்கச் சொல்லி கேஸ் போட்டார்கள். எந்தக் கோர்ட்டில்? இதே சுப்ரீம் கோர்ட்டில்! ஒன்பது ஜட்ஜும் ரெபப்ளிக்கன். அதில் நாலு பேர் அப்போது எலெக்‌ஷனில் நின்றுகொண்டிருக்கிறார்கள். நீங்களாக இருந்தால் "தீர்ப்பு தெரிஞ்சதுதானே, பத்து ரூபாய் பந்தயம்" என்றிருப்பீர்கள். பத்து ரூபாய் போயிருக்கும். லேட்டாக வந்தீர்கள் என்று தள்ளுபடி. ஓட்டுநாள் நெருங்கும்போது இன்னொரு மனு: காரில் போட்ட ஒரு லட்சத்து இருபத்தேழாயிரம் ஓட்டும் செல்லாது என்று. என் ஓட்டும் அதில்தானே இருக்கிறது! அன்று வீட்டில் சாம்பாரில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஓட்டுநாளுக்கு ரெண்டு நாள் முன்பு அதையும் தள்ளுபடி செய்தார்கள். மறுநாள் ஃபெடரல் கோர்ட்டும் தள்ளிய பிறகுதான் தூக்கம் வந்தது.

எப்போதும் இப்படி நடக்கும் என்று நினைக்காதீர்கள். 1976இல் டான் யார்ப்ரோ என்று ஒருத்தர் இந்தக் கோர்ட்டுக்கு நின்றார். கிட்டத்தட்ட அதே பேரில் ஒரு பழைய செனட்டர் மாநிலம் முழுக்கப் பிரபலம். ஜனங்கள் குழம்பிக் குத்தினார்கள். நல்ல பேருள்ள ஒரு ஜட்ஜைத் தோற்கடித்து இவர் வந்துவிட்டார். கடவுளே நிற்கச் சொன்னதாக வேறு சொல்லிக்கொண்டார். மறு வருஷமே ராஜினாமா. அப்புறம் பொய்ச்சாட்சிக் கேஸில் தண்டனையாகி, கிரெனடா தீவுக்கு ஓடிப்போனார். போன வருஷம் மண்டியா லோக்சபா தொகுதியில் நடிகை சுமலதாவுக்கு எதிராக இன்னும் மூன்று சுமலதாக்களை நிறுத்தினார்களே, அந்த வித்தை இந்த ஊரில் தானாகவே பலித்திருக்கிறது.

கட்சிக்காரன் ஜட்ஜாகலாமா என்று நீங்கள் பொரிவது கேட்கிறது. நம் கே.எஸ். ஹெக்டே காங்கிரஸ் ராஜ்யசபா மெம்பராக இருந்துதானே 1957இல் மைசூர் ஹைகோர்ட்டுக்கு வந்தார்? பிறகு நம் சுப்ரீம் கோர்ட்டில் இந்திரா காந்தி சர்க்கார் அவரைத் தாண்டி ஜூனியரைத் தலைமை நீதிபதியாக்கியதும் ராஜினாமா செய்து, 1977இல் பெங்களூர் தெற்கில் ஜனதா டிக்கெட்டில் ஜெயித்து, லோக்சபா ஸ்பீக்கராகவும் உட்காரவில்லையா? கேரளாவில் ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் இருந்த கிருஷ்ணய்யரைவிடவா பேர்பெற்ற ஜட்ஜ் வேண்டும்? நம்மூரில் கட்சித் துண்டை வாசலில் கழற்றிவிட்டு வருகிறார்கள். இங்கே துண்டோடு வா என்கிறார்கள். சரி, எல்லாம் ஜனங்கள் கையில் என்று பார்த்தால் அதுவும் முழு உண்மை இல்லை. ஓட்டுக்கு நின்ற அந்த நாலு ஜட்ஜுமே இப்போதிருக்கும் பதவிக்கு முதலில் கவர்னர் நியமனத்தில் வந்தவர்கள், ஓட்டு அப்புறம். ஹெக்டே, சீ, ஹெக்ட், கட்சி டிக்கெட்டில் ஜட்ஜைத் தேர்ந்தெடுக்கும் இந்த முறை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஜெயித்துவிட்டார், 53 சதவீதம் போல. ஆஷ் மூன்றைத் தொடவில்லை; ஆனால் இரண்டைத் தாண்டிவிட்டார். கட்சிக்கு அது போதும்.

நம் கார்த்தி லா படிப்பு முடித்து இங்கே வந்து ஜட்ஜாக முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தச் சுப்ரீம் கோர்ட்டுக்கு 35 வயது ஆக வேண்டும், சிட்டிசன் ஆக வேண்டும், பத்து வருஷம் வக்கீல் அல்லது ஜட்ஜாக இருந்திருக்க வேண்டும். பத்து வருஷம் என்பது நம் ஹைகோர்ட்டுக்கும் உண்டு. சின்னக் கட்சியில் நின்றால் போட்டியில்லாமல் டிக்கெட் கிடைக்கும். வேட்புமனுவுக்கு ஃபீஸ் 3,750 டாலர், நம் கணக்கில் ரெண்டே முக்கால் லட்சம். நம்மூர் டெபாசிட் மாதிரி ஆறில் ஒரு பங்குக்கு மேல் ஓட்டு வாங்கினால் திரும்ப வரும் என்று நினைக்க வேண்டாம்; ஜெயித்தாலும் வராது. சித்தியைக் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ரவி