சாவி யார் கையில்? வைஃபை கேள்வி-பதில்

கே: நெட் இணைப்பு கொடுக்க வந்த தம்பி, என் செல்போன் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போனார். மறக்காது, நல்லதுதானே?
— ஓர் இல்லத்தரசி, மதுரை

ப: உங்களுக்கும் மறக்காது, ஊருக்கும் மறக்காது. பால்காரர், கூரியர்காரர், தையல் கடை, பிள்ளையின் வகுப்பு வாட்ஸ்அப் குழு என்று எல்லாரிடமும் இருக்கிற எண் அது. உங்களைத் தெரியாதவருக்கும் அது பெரிய பூட்டு இல்லை. உங்கள் போன் வைஃபையில் சேரும் நொடியில் இரண்டுக்கும் இடையே நடக்கும் பரிமாற்றத்தைத் தெருவில் நின்றே பதிவு செய்துகொள்ளலாம். பிறகு கணினியில் ஒவ்வோர் எண்ணாக ஓட்டிப் பார்க்கலாம். நம் நாட்டு செல் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்கங்கள். மொத்தமே 400 கோடி வாய்ப்புகள். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு இது சில மணி நேர வேலை.

பாஸ்வேர்டு 8 எழுத்து முதல் 63 எழுத்து வரை இருக்கலாம். தொடர்பே இல்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்தெழுதி, நடுவே ஓர் எண்ணைச் செருகுங்கள். அம்மி, ரயில், வெண்டைக்காய், மழைக்கோட்டு நான்கும் ஒரே வரியில் வந்தால் யாரால் ஊகிக்க முடியும்? இந்த நான்கை மட்டும் எடுக்காதீர்கள், அச்சில் வந்துவிட்டது.

கே: மாற்றச் சொல்கிறீர்கள். எங்கே போய் மாற்றுவது?
— ஓர் ஆசிரியர், நாமக்கல்

ப: உங்கள் வீட்டுக் கூடத்துக்குப் போனால் போதும். ரவுட்டரைத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 போல ஒரு முகவரியும், ஒரு யூசர்நேமும், ஒரு பாஸ்வேர்டும் இருக்கும். உங்கள் வைஃபையில் இணைந்தபடியே பிரவுசரில் அந்த முகவரியைத் தட்டினால் ரவுட்டரின் உள்பக்கம் திறக்கும். திறக்காவிட்டால் இணைப்பு கொடுத்தவரிடம் விவரம் கேளுங்கள். காசு கட்டுகிறவர் நீங்கள்.

முக்கியமானது இது: ரவுட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டு. வைஃபையில் சேர ஒன்று, ரவுட்டரின் உள்பக்கத்துக்குள் நுழைய இன்னொன்று. பலர் முதலாவதை மாற்றிவிட்டு, இரண்டாவதை 'அட்மின்-அட்மின்' என்றே விட்டுவிடுகிறார்கள். 2016-இல் 'மிராய்' என்ற நிரல், கம்பெனி போட்டுக் கொடுத்த அறுபத்துச் சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அந்தப் படையின் தாக்குதலால் அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் மணிக்கணக்கில் திறக்கவில்லை. அதில் பங்கெடுத்த கேமராவின் சொந்தக்காரருக்கு விஷயமே தெரியாது.

உள்ளே போன கையோடு, வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' வசதியை அணையுங்கள். 'ஃபர்ம்வேர் அப்டேட்' இருந்தால் போடுங்கள்.

கே: செக்யூரிட்டி என்ற இடத்தில் டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்று வரிசையாக வருகிறது. எதைத் தொடுவது?
— கல்லூரி மாணவர், கோவை

ப: வரிசையில் கடைசியாக வந்தவருக்கே முதல் மரியாதை. டபிள்யூஇபி 1997-இல் வந்தது, 2001-லேயே உடைபட்டது. டபிள்யூபிஏ2 வந்தது 2004-இல், டபிள்யூபிஏ3 வந்தது 2018-இல். டபிள்யூபிஏ3-ஐத் தேர்ந்தெடுங்கள். வீட்டிலுள்ள பழைய போன் சேர மறுத்தால் இரண்டும் மூன்றும் கலந்த முறையை வையுங்கள்.

கே: பாஸ்வேர்டே கேட்காமல் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் வசதி அருமையாக இருக்கிறதே?
— கடைக்காரர், விருதுநகர்

ப: அருமைதான், அழையாத விருந்தாளிக்கும். அதன் 8 இலக்க பின் எண்ணுக்குப் பத்துக் கோடி வாய்ப்புகள் என்று தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. போதாததற்கு, முதல் நான்கு சரியா என்று ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடும், அடுத்த மூன்று சரியா என்றும் தனியாகச் சொல்லிவிடும். பத்தாயிரமும் ஆயிரமும் சேர்த்து 11,000 முயற்சிகளில் கதை முடிந்தது. 2011 கடைசியில் இது வெளியே வந்தது. அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

கே: பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சைக்குப் படிக்க வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறான். கொடுக்கவும் பயம், மறுக்கவும் மனமில்லை.
— ஓய்வுபெற்ற செவிலியர், தஞ்சாவூர்

ப: மனம் சொல்வதைக் கேளுங்கள், படிக்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். ஆனால் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்ற தனிப் பெயரைத் திறந்து, அதன் பாஸ்வேர்டைக் கொடுங்கள். அவனுக்கு இணையம் கிடைக்கும். உங்கள் லேப்டாப், பிரின்டர் பக்கம் வர முடியாது. பரீட்சை முடிந்ததும் அந்தப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுங்கள். வீட்டு சிசிடிவியையும் கெஸ்டிலேயே சேர்ப்பது நல்லது.

ஆனால் பாஸ்வேர்டே இல்லாமல் மட்டும் திறந்துவிடாதீர்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன்பு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போன போலீஸ், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில் போய் நின்றது. அவருடைய வைஃபை பூட்டில்லாமல் கிடந்தது. யாரோ பயன்படுத்திவிட்டுப் போயிருந்தார்கள். விசாரணையைத் தாங்கியது அவர். நம் ரவுட்டர் வழியாகப் போகும் எல்லாவற்றிலும் நம் வீட்டு முகவரிதான் ஒட்டியிருக்கிறது.

கே: கூடத்தில் பறக்கும் நெட், படுக்கையறையில் தவழ்கிறது. ஏன்?
— வங்கி ஊழியர், சேலம்

ப: ரவுட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு வருடம் இரும்பு பீரோவின் தலைமேல் இருந்தது. அப்பா தன் அறையிலிருந்து பேத்தியை வீடியோவில் கூப்பிடுவார். இரண்டாவது நிமிடத்தில் அவள் முகம் உறைந்து நிற்கும், குரல் மட்டும் துண்டு துண்டாக வரும். அப்பா போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம், வாசல்படி என்று அலைவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரவுட்டரை இறக்கி, இரண்டு அறைக்கும் பொதுவான சுவரில் ஆறடி உயரத்தில் மாட்டினோம். அன்று மாலை அப்பா கட்டிலில் சாய்ந்தபடியே அரைமணி நேரம் பேசினார்.

இரும்பு, நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, கான்கிரீட் எல்லாமே சிக்னலைத் தின்னும். வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 வேகம் குறைந்தது, ஆனால் தூரம் போகும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் ஓடுவதால் சமையலறைக்குத் தள்ளியே வையுங்கள். மாடிக்கு வேண்டுமானால் லேன் கேபிள் இழுத்து இரண்டாவது ரவுட்டர் வைப்பதுதான் உறுதியான வழி.

கே: 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டேன். டவுன்லோடு 12-ஐத் தாண்டவில்லை. ஏமாற்றுகிறார்களா?
— இளைஞர், ஓசூர்

ப: இல்லை தம்பி, முழுசாகத்தான் தருகிறார்கள். பிளானில் உள்ளது மெகாபிட், திரையில் தெரிவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை.

கே: பாக்ஸில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுக்குகிறது. ரீசெட் ஊசித் துளையை அழுத்தலாமா?
— ஜெராக்ஸ் கடை நடத்துபவர், காரைக்குடி

ப: கையை எடுங்கள்! சிவப்பு என்றால் ஃபைபர் இழை வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை எங்கோ அறுந்திருக்கும், அல்லது மேசைக்குப் பின்னால் ஒடிய ஒடிய வளைந்திருக்கும். வளைவை நீட்டிவிட்டுப் பாருங்கள், சரியாகாவிட்டால் புகார் கொடுங்கள். ரீசெட் அழுத்தினால் கம்பெனி ஏற்றிவைத்த யூசர்நேமும் பாஸ்வேர்டும் அழிந்து, ஒரு நோய் இரண்டாகும். கழன்ற இழையின் நுனியைக் கண்ணருகே வைத்து எட்டிப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். கூசாததால் இமையும் மூடாது.

கே: ராத்திரி பகலாக ஓடுகிறதே, கரண்ட் பில் ஏறாதா? இடி இடித்தால்?
— விவசாயி, கரூர்

ப: 10 வாட் ரவுட்டர் மாதம் முழுக்க ஓடினாலும் சுமார் 7 யூனிட்தான். இடிக்குப் பயப்படுவது சரி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் அதைத் தாங்கிவரும் இரும்புக் கம்பியிலும், அடாப்டர் வயரிலும், லேன் கேபிளிலும் பாயும். இடி நெருங்கும் முன்பே அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். அடாப்டர் கெட்டால் பழையதில் போட்டிருக்கும் அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் பார்த்து வாங்குங்கள்.

கே: பத்தாவது படிக்கும் மகன் இரவு ஒரு மணி வரை போனில் இருக்கிறான். ரவுட்டரில் வழி உண்டா?
— ஒரு தாய், திண்டுக்கல்

ப: உண்டு. 'பேரன்டல் கன்ட்ரோல்' பகுதியில் அவன் போனுக்கு மட்டும் பத்து மணிக்கு நெட் நிற்கும்படி வைக்கலாம். இப்போதைய போன்கள் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த 'ராண்டம் மேக்' வசதியை அணைத்தால்தான் கட்டுப்பாடு நிற்கும். சிம்மிலும் டேட்டா இருக்கிறதே? அதற்கு ரவுட்டரில் பட்டன் இல்லை. பத்து மணிக்கு வீட்டில் எல்லார் போனும் கூடத்து மேசைக்கு வரட்டும். உங்களுடையது முதலில்.

கே: 'உங்கள் ரவுட்டரில் வைரஸ், உடனே இந்த ஆப்பை இறக்குங்கள்' என்று ஒருவர் ஆங்கிலத்தில் மிரட்டினார். நிஜமா?
— ஓய்வூதியர், ஸ்ரீரங்கம்

ப: பொய். போனை வைத்துவிடுங்கள். அந்த ஆப் உங்கள் திரையை அவருக்குக் காட்டும். அடுத்த ஓடிபி உங்கள் கண்ணுக்கு வரும்போதே அவர் கண்ணுக்கும் போய்விடும். சந்தேகம் இருந்தால் பில்லில் அச்சான எண்ணுக்கு நீங்களாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியில் மடக்க அவ்வளவு வாய்ப்பு. ஏமாந்தது குற்றமில்லை ஐயா, வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடாதீர்கள்.

கே: எனக்கு 67 வயது. மகன் சிங்கப்பூரில். அவன் தீபாவளிக்கு வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். தப்பா?
— ஒரு பாட்டி, மாயவரம்

ப: தீபாவளி வரை எதற்கு அம்மா? காஸ் புக் வைக்கிற பையில் ஒரு நாற்பது பக்க நோட்டைப் போடுங்கள். பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணை ஒரு காபிக்குக் கூப்பிட்டு, அவள் காட்டக் காட்ட நீங்களே உங்கள் விரலால் அமுக்குங்கள். வைஃபை பெயர், அதன் பாஸ்வேர்டு, அட்மின் பாஸ்வேர்டு, மாற்றிய தேதி, இணைப்புக்காரர் நம்பர் என்று ஐந்து வரி, உங்கள் கையெழுத்தில். நோட்டில் எழுதலாமா என்று தயங்காதீர்கள். இணையத்தில் உலவுகிற திருடனுக்கு உங்கள் பை எட்டாது.

கிரைண்டரும் பிரஷர் குக்கரும் புதிதாக வந்த நாளில் அவற்றையும் யாரோ ஒருவர் ஒருமுறை காட்டிக்கொடுத்தார், பிறகு நீங்கள்தான் ஆண்டீர்கள். இதுவும் அப்படித்தான். தீபாவளிக்கு வந்து இறங்கும் மகன் போனை நீட்டி, "அம்மா, வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்று உங்களைக் கேட்கட்டும்.