ஐபாக்கில் லினக்ஸ்: அகச்சான்று, புறச்சான்று, நண்டுச்சான்று

பாயிரம்

உள்ளங்கையில் அடங்கும் பழைய கணினியொன்றில் லினக்ஸ் ஏற்றுவது எப்படி என்று கேட்பவர் உண்டு, அவர்கள் மாணவர். ஏன் என்று கேட்பவர் உண்டு; அவர்கள் உறவினர். எக்காலத்தது என்று கேட்பவரே ஆய்வாளர். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் களமாகக் கொண்ட இவ்வாய்வு மூன்றாம் வகையாருக்கு உரியது. ஏனையோர் அடிக்குறிப்புகளை மட்டும் படித்துப் பயன்பெறலாம். அச்சுச் செலவு கருதி அடிக்குறிப்புகள் நீக்கப்பட்டுள்ளன.

இத்துறையில் முன்னோர் ஆய்வுகள் எவையும் இல்லை. எனினும் முன்னோரை மறுத்துத் தொடங்குவதே மரபாகையால் முதற்கண் மறுக்கிறோம்.

ஆய்வுப் பொருள், கொம்பாக் ஐபாக் எச்3630. 2000ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. 206 மெகாஹேர்ட்ஸ் ஸ்ட்ரோங்ஆம் செயலி. 32 மெகாபைட் நினைவகம். 16 மெகாபைட் ஃபிளாஷ். 240க்கு 320 புள்ளித் திரை. கண்டெடுக்கப்பட்ட இடம் காத்தான்குடியில் ஒரு பழைய சாமான் கடையின் பிளாஸ்டிக் வாளி. வாளியின் மேலடுக்கில் சார்ஜர் வயர்கள், நடுவடுக்கில் பட்டன் போன்களின் மூடிகள், கீழடுக்கில் ஐபாக். கீழடுக்கில் கிடைப்பது எதுவாயினும் நாம் முதலில் நினைத்ததைவிடப் பழையது என்ற விதி பாக்கு நீரிணைக்கு அப்பால் ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளதால் இங்கு விரிக்கவில்லை. கடைக்காரரோ அது “போன வருசம் வந்த சாமான்” என்றார் (முதலாளி, வாய்மொழி, விலை பேசுமுன்). பின்னர் “இப்பிடிச் சாமான் இனிக் கிடைக்காது” என்றார் (மேற்படி, விலை பேசும்போது). இரண்டும் பாடபேதங்கள்.

இயல் 1: பிறவி லினக்ஸும் குடிபுகுந்த லினக்ஸும்

கையடக்கக் கணினிகள் இருவகைப்படும். பிறக்கும்போதே லினக்ஸோடு பிறந்தவை ஒருவகை. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கி 2001இல் காட்டிய சிம்பியூட்டர் இவ்வகையின் தலைமகன். அதற்கும் ஐபாக்கின் அதே ஸ்ட்ரோங்ஆம் செயலிதான். ஊருக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு ஸ்மார்ட் அட்டை. வசதியற்றவர்கள் பகிர்ந்து பயன்படுத்தலாம் என்பது அதன் எண்ணம். நல்ல எண்ணம். 2004இல் பாரத் எலெக்ட்ரோனிக்ஸ் அதை ‘அமிடா’ என்று விற்பனைக்கு விட்டது. விற்பனை சில ஆயிரங்களோடு நின்றது. ஜப்பானின் ஷார்ப் சோரஸ் 5500உம் இவ்வகையே. ஏற்கெனவே லினக்ஸ் உள்ளவற்றில் லினக்ஸ் ஏற்றுவதில் வேதனை குறைவு. வேதனை குறைந்த இடத்தில் கட்டுரை எழாது. ஆதலால் இவை விலக்கப்பட்டன.

மற்ற வகை, மைக்ரோசொஃப்ட்டின் பொக்கெட் பிசியோடு பிறந்து பின் மனம் மாற்றப்பட்டவை. ஐபாக் இதில் அடங்கும். அதை மனம் மாற்றும் வழியை 2000இலேயே சொல்லிக்கொடுத்தது கொம்பாக்கின் சொந்த ஆய்வுகூடம், அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில். கொம்பனியின் ஒரு வாசலில் விற்றதை மறுவாசலில் அழித்தெழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த முயற்சியைச் சுற்றித் திரண்ட ஆர்வலர்கள் கட்டிய தொகுப்புக்கு ‘ஃபெமிலியர்’ என்று பெயர்.

இயல் 2: உயிர்

செயல்முறை எளிது, ஆகவே விரைந்து கூறுவோம். பொக்கெட் பிசி உயிரோடிருக்கும்போதே பூட்பிளாஸ்டர் என்ற நிரலை அதன் உள்ளே அனுப்பி, அதன் கையாலேயே பூட்லோடரை அழித்துப் புதியதை எழுதவைக்க வேண்டும். எழுதி முடிந்ததும் சரிபார்ப்பு. சரி என்று வந்தால் மேலே போகலாம். சரியில்லை என்று வந்தால் ரீசெட் பொத்தானில் கை வைக்கக் கூடாது. வைத்தால் கருவி செங்கல்லாகும். பிறகு சீரியல் கேபிளில், விநாடிக்கு 115200 பிட் வேகத்தில், லினக்ஸ் கோப்பை ஊட்ட வேண்டும். 10 மெகாபைட் ஊட்டக் குறைந்தது கால் மணித்தியாலம். பழைய பெட்டரி கால் மணித்தியாலம் தாங்காது, சார்ஜரை நம்பவேண்டும், சார்ஜர் மின்சாரத்தை நம்பவேண்டும்.

மின்தடை மூவகைப்படும்: அறிவிக்கப்பட்டது, அறிவிக்கப்படாதது, குரங்கு. முதலாவதற்கு 2022 மார்ச் இறுதியின் 13 மணிநேரம் சான்று. இரண்டாவதற்குச் சான்று வேண்டியதில்லை. மூன்றாவதற்கு 2025 பெப்ரவரி 9. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு, நாடு முழுவதும் இருள்.

ஏற்றி முடிந்ததும் திரை கறுப்பாகவே நிற்கும். கருவி உயிரோடிருக்கிறதா என்று அறிய டெனன்ட் முறையைப் பரிந்துரைக்கிறோம். கொலனியச் செயலாளர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் இவ்வாவியில் தோணியேறி, பாடும் மீனைக் கேட்கத் தோணிப் பலகையில் காதை வைத்தார். ஓசை பெருகிக் கேட்டது என்று 1859இல் வெளியான தம் நூலில் எழுதினார். அவ்வாறே ஐபாக்கைக் காதோடு வைத்தால் திரையின் முன்விளக்குச் சுற்றிலிருந்து மெல்லிய கீச்சொலி வரும். வந்தால் உயிருண்டு. டெனன்ட்டுக்குப் பின் இயேசுசபைத் துறவி லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவே செய்தார். பாடுவது மீனா, ஊரியா, சிப்பியா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. ஐபாக்கில் பாடுவது எது என்ற வழக்கில் மட்டும் ஒரு தீர்ப்பு உண்டு: “கொயில் மச்சான், கொயில்” (மச்சான், வாய்மொழி, ரிப்பேர் கடை வாசல்).

இயல் 3: எழுத்தாணி

திரை ஒளிர்ந்ததும் கருவி கேட்கும் முதல் வேலை, ஐந்து இடத்தில் தோன்றும் சிலுவைக் குறிகளைத் தொடுவது. தொடக் கோல் வேண்டும். வாளியில் கிடைக்கும் ஐபாக் எதிலும் கோல் இருப்பதில்லை.

இத்திரை அழுத்தத்துக்கு இசைவது. இரு படலங்கள் தொட்டுக்கொண்டால் போதும், தொடுவது விரலா தும்பா என்று அதற்குக் கவலையில்லை. இன்றைய போன்கள் மின்னைக் கடத்தும் விரலைத் தேடும். இது எதையும் ஏற்கும். எனவே மாற்றுக் கோல்கள் ஒப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்டன. ஈர்க்கு: வளையும். கொண்டை ஊசி: கீறும். பல்குத்தி: முறியும். களிநண்டின் நடைக்கால் நுனி: சாலச் சிறந்தது.

இதனை நண்டுச்சான்று என்போம். களிநண்டின் நடக்கும் கால்களில் கடைசி இணை துடுப்புபோல் தட்டையானது, அது உதவாது. அதற்கு முந்திய இணையின் நுனி ஊசிபோல் கூர்ந்து, உச்சியில் சற்றே மழுங்கியது. திரையைக் கீறாது, வழுக்காது, பிடிக்கத் தோதாக ஒரு மூட்டும் உண்டு. அவித்த கால் பச்சைக் காலினும் உறுதி. தூள் போட்டுக் கறி வைத்த கால் உறுதியில் குறையாது, ஆனால் ஐந்தாம் சிலுவையைத் தொட்டு முடிக்குமுன் நான்காம் சிலுவையில் மஞ்சள் நிற்கும் (பெரியம்மா, நேர்காணல், குசினி, நேர்காணலின்போது சட்டி இறக்கப்படவில்லை). குறிகளைத் தவறாகத் தொட்டால் அதன்பின் எங்கே தொட்டாலும் வேறெங்கோ படும். அதைச் சரிசெய்ய ‘சரி’ என்ற பொத்தானைத் தொட வேண்டும். அதுவும் வேறெங்கோ போயிருக்கும். இந்நிலையிலும் நண்டுக்கால் செய்த பிழை கைப்பிழையே, காற்பிழையன்று (மேற்படி, திருத்திய இரண்டாம் பதிப்பு, சாப்பாட்டுக்குப் பின்).

இயல் 4: பயன்

“என்ன மனே, மறுகா இதுல கோல் எடுக்க ஏலுமா?” என்று பெரியம்மா கேட்டார், இக்கேள்வி ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டது.

இயல் 5: காலம்

இனியே ஆய்வு தொடங்குகிறது.

லினக்ஸ் ஏறிய ஐபாக், முதன்முதல் கண் திறந்ததும் தன் காலத்தைத் தானே கூறுகிறது: 1970 சனவரி 1, காலை 5.30. இதைவிட வலிய அகச்சான்று எந்தத் தமிழ் நூலுக்கும் வாய்த்ததில்லை. எனவே இக்கருவி 1970ஐச் சேர்ந்தது என்பர் அகச்சான்றுப் பள்ளியினர். லினக்ஸை லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதே 1991இல் அல்லவா என்று தடை எழுப்புவோருக்கு அவர்கள் தரும் விடை: அப்படியாயின் கருவியில் லினக்ஸ் வரும் இடங்களெல்லாம் இடைச்செருகல். பின்மூடியில் 2000 என்று அச்சிடப்பட்டுள்ளதே என்றால், அது ஏடெழுதியோர் பிற்காலத்தில் ஒட்டிய ஒட்டு.

புறச்சான்றுப் பள்ளியினர் 2000 என்றே நிற்பர். இவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 1985 என்று நிறுவும் நடுநிலையாளரும் உளர். இம்முறையில் காலம் பெற்ற நூல்கள் நம் இலக்கிய வரலாற்றில் எவை என்று நாம் சொல்லப்போவதில்லை. சில பாடத்திட்டத்தில் உள்ளன.

யூனிக்ஸ் மரபில் வந்த கணினிகள் 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை எண்ணுகின்றன. பெட்டரி செத்தால் எண்ணிக்கை பூச்சியமாகும். பூச்சியம் என்றால் 1970. அவ்வளவே என்று கூறும் பொறியியலாளர் சிலர் உளர். அவர்கள் எந்தக் கருத்தரங்குக்கும் அழைக்கப்படாதவர்கள்.

நள்ளிரவில் தொடங்க வேண்டிய எண்ணிக்கை ஏன் 5.30 காட்டுகிறது? கருவியில் கொழும்பு நேரம் தெரிவு செய்யப்பட்டிருந்தது. கொழும்பு, உலக நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. சரி. இப்போது மடிகணினியிலிருந்து இன்றைய உலக நேரத்தை ஊட்டிப் பார்த்தோம். சுவர் மணிக்கூட்டில் 4.00, ஐபாக்கில் 4.30. 1970இல் சரியாக இருந்த கருவி, இன்றைக்கு வந்ததும் அரை மணித்தியாலம் முந்திக்கொண்டது.

காரணத்தை வரலாற்றில் தேடுக. 1996இல் வறட்சி, நீர்மின் குறைந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவ்வாண்டு மே 25இல் நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளினார்கள். ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிகுதி அரை மணித்தியாலம் பத்தாண்டு நிலுவையில் நின்று, 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டித்தான் திரும்பியது. நம் ஐபாக்கில் ஏறியது அதற்கு முன் கட்டிய ஃபெமிலியர். அதன் நேரவலயக் கோப்புக்கு 2006 ஏப்ரல் தெரியாது. அதன் வரையில் நிலுவை இன்னும் தீரவில்லை.

இங்கேதான் வாவி குறுக்கே வருகிறது. ‘புதிய நேரம்’ என்று அரசு அறிவித்ததைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் ஏற்கவில்லை. அங்கே பழைய நேரமே நின்றது. எழுவான்கரையில் அரசு, படுவான்கரையின் பெரும்பகுதியில் 2007 வரை புலிகள். ஆகவே பத்தாண்டுக் காலம் இவ்வாவியின் கிழக்குக்கரையில் ஒரு மணி, மேற்குக்கரையில் இன்னொரு மணி, நடுவே தண்ணீர். மண்முனைத் துறையில் எழுவான்கரையிலிருந்து 4.30க்கு ஏறியவர் மறுகரையில் 4.10க்கு இறங்கினார். புறப்படுமுன் போய்ச்சேர்ந்த இப்பயணங்களை இயற்பியலாளர் எவரும் வந்து பார்க்கவில்லை. வவுணதீவுச் சோதனைச் சாவடியில் பாதை எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்டவர், யாருடைய மணி என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த ஒரு வரியில் மட்டும் ஆய்வாளர் சிரிக்கவில்லை.

இதன்படி லினக்ஸ் ஏறிய ஐபாக் அரசியல் நிலைப்பாடு உடையது என்ற கருதுகோளை முன்வைக்கிறோம். 1970இல் நின்றபோது அது படுவான்கரை நேரத்தில் இருந்தது. இன்றைக்கு வந்ததும் எழுவான்கரைக்குக் கட்சி மாறியது. இரு கரையும் ஒரே மணிக்கு வந்த செய்தி அதற்கு எட்டவில்லை. இக்கருதுகோளைச் சோதிக்க இரு கரையையும் சேர்ந்த தகவலாளர் இருவர் ஒரே நேரத்தில் அணுகப்பட்டனர். “மிசின் சரி, அப்ப நாங்க இப்பிடித்தான் பாத்தம்” (மச்சான், கல்லடி, புதிய நேரம் 4.30). “மிசின் பிழை, எங்கட மணிதான் கடைசில வெண்டது” (மச்சானின் பெரியப்பா, கொக்கட்டிச்சோலை, பழைய நேரம் 4.00, முன்னவர் கூற்றை இடைமறித்து, இருவரும் ஒரே வாங்கில் இருந்தனர், தேத்தண்ணி இருவருக்கும் ஒரே நேரத்தில் வந்தது, எந்த நேரம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு). “ரெண்டு பேரும் குடிச்சிட்டுக் கதைங்க, ஆறுது” (பெரியம்மா, மேற்படி இரு கூற்றுகளுக்கும் உரை, ஏட்டில் இவ்விடத்தில் தேத்தண்ணிக் கறை, எழுத்துத் தெளிவில்லை).

நேரவலயக் கோப்பு சில நூறு பைட் அளவினது. புதியதொன்றை அதன் இடத்தில் போட்டால் போதும், ஒரு நிமிடத்து வேலை, இப்பவே செய்து தரவா என்று மச்சான் கேட்கிறான். கலாநிதிப் பட்டம் ஒன்றுக்கும் சர்வதேச மாநாடு இரண்டுக்கும் போதுமான பிழையை ஒரு நிமிடத்தில் திருத்த நாம் அனுமதிப்பதற்கில்லை. கருவி அவன் கைக்கு எட்டாதபடி அலுமாரியில் வைத்துப் பூட்டப்பட்டுள்ளது. நண்டுக்காலும் அதனுடன்.