ஒன்றரை வேகத்தில் ஞானம்

வத்தேகமவில் பள்ளிவாசல் பாங்கு, விகாரைப் பிரித், கோவில் பாட்டு எல்லாம் ஓய்ந்த பிறகு நான்காவதாக ஒரு குரல் எழும். அது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் போனிலிருந்து வரும் சொற்பொழிவு. இப்படியொரு சேர் மலையகத்தில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பென்ஷன் அரசாங்கம் தருவது, போன் மகன் வாங்கித் தந்தது, டேட்டா மகள் போட்டுவிடுவது. கேட்கிற பொறுப்பு மட்டும் அவருடையது.

இது போனோடு வந்த பழக்கமல்ல, கசட் காலத்துத் தொடர்ச்சி. கிருபானந்த வாரியார் 1993இல் மறைந்த பின்னும் சேர் வீட்டில் கந்தபுராணம் நிற்கவில்லை. நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சுற்றியே சூரபத்மனை மீட்டெடுப்பார். வாரியார் முன்வரிசைப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டு, பதில் சொன்னவர்களுக்குப் பரிசும் கொடுப்பார். சேர் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டார். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவது குறைந்துவிட்டது.

அடுத்து வேதாத்திரி மகரிஷி வந்தார். மகரிஷியின் 'வாழ்க வளமுடன்' வாழ்த்தை சேர் பலசரக்குக் கடை வரைக்கும் கொண்டுபோனார்.

"சரி சேர், போன மாசக் கணக்கையும் முடிச்சீங்கன்னா நானும் கொஞ்சம் வளமா இருப்பேன்" என்றார் முதலாளி.

இப்போது ஜே. கிருஷ்ணமூர்த்தி. தன்னை உலக குருவாக்க அமைக்கப்பட்ட நட்சத்திர சங்கத்தை 1929இல் தானே கலைத்து, சீடர்களே வேண்டாம் என்றவர். அன்னாருக்கு வத்தேகமவில் சேர் சீடராகிவிட்டார். 1980 நவம்பரில் கிருஷ்ணமூர்த்தி கொழும்புக்கே வந்து பேசினார். ரயில் ஏறியிருந்தால் நேரிலேயே கேட்டிருக்கலாம். "அந்த நேரம் நான் வாரியார்ல இருந்தேன்" என்பார் சேர், வேறு பாடசாலையில் இருந்த மாதிரி.

குறிப்பெடுக்காமல் கேளுங்கள் என்று கிருஷ்ணமூர்த்தி கூட்டத்தினரிடம் சொல்வதுண்டு. சேர் அதைச் சி.ஆர். கொப்பியில் எழுதி, சிவப்புப் பேனாவால் இரண்டு கோடும் போட்டு வைத்திருக்கிறார். பேச்சின் நடுவே கிருஷ்ணமூர்த்தி மௌனமாகிவிடுவார். வகுப்பில் முப்பது வருஷம் இடைவிடாமல் பேசியவருக்கு அது பொறுக்காது. போனை ஒன்றரை வேகத்தில் வைத்துவிட்டார். மௌனம் சுருங்கி, மடவளையில் அடுத்த பஸ்ஸை முந்தப் பார்க்கும் கண்டி பஸ் மாதிரி உரை பறக்கிறது.

விவேகானந்தர் விஷயத்தில்தான் கொஞ்சம் சிக்கல். 1897 ஜனவரியில் அவர் கொழும்பில் இறங்கி, கண்டிக்கும் மாத்தளைக்கும் போய், அநுராதபுரம் வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்தார். அப்படியானால் வத்தேகமவைத் தாண்டித்தான் போயிருப்பார் என்று சேர் வாதாடுவார். வாதாடட்டும். ஆனால் 1893 சிக்காகோ உரையின் 'அசல் குரல்' என்று ஒரு பதிவை செப்டம்பர் 11 தோறும் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். விவேகானந்தரின் குரல் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒலிப்பதிவு எதுவும் இன்று இல்லை, அது பின்னாளில் வேறொருவர் வாசித்தது என்று பேரன் எடுத்துச் சொன்னான்.

"அப்ப ஏன் எனக்குப் புல்லரிச்சது?" என்றார் சேர். பேரனிடம் பதில் இல்லை. பதிவு அடுத்த வருஷமும் வந்தது.

வீட்டில் உள்ள குரலுக்குத்தான் இந்தச் செல்வாக்கு இல்லை. "இங்க பாருங்க" என்று டீச்சரம்மா அடுப்படியிலிருந்து மூன்று தரம் கூப்பிடுவார். காதில் இயர்போன், வாயில் புன்னகை, பிளேன்டீ ஆறிக் கிடக்கும். 'கேட்டல் என்னும் கலை' பற்றிய உரை முடிய இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கும்.

போன வாரம் டீச்சரம்மா தானும் ஒரு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினார். "வரும்போது ரெண்டு தேங்காயும் ஒரு றாத்தல் பாணும் வாங்கிட்டு வாங்க. மறக்காதீங்க." சேர் பஸ் நிலையத்தில் நின்று, கண்ணை மூடி, ஒன்றரை வேகத்தில் முழுவதும் கேட்டார். பழக்கதோஷத்தில் விரல் தானாகப் போய்க் குழுவுக்கும் அனுப்பிவிட்டது.

பதினொரு பேர் கைகூப்பினார்கள். கனடாவிலிருந்து ஒருவர், "ஆழமான கருத்து சேர், இதன் இரண்டாம் பகுதி கிடைக்குமா?" என்று கேட்டிருந்தார்.