எத்தியோப்பியா மலை மேல பழியைப் போடாத, மருமவனே

டெல்லியில இருந்து இருமிக்கிட்டே வந்து இறங்கியிருக்க, மருமவனே. என்னப்பா, நெஞ்சுல சளியான்னு ஒங்க அத்தை கேட்டா, "எத்தியோப்பியாவுல எரிமலை வெடிச்சுச்சுல்லா அத்தை, அந்தச் சாம்பல்"ங்க. அவளும் வாயில கையை வச்சுக்கிட்டு நம்பிட்டா. நானும் நம்புவேன்னு நினைச்சியாக்கும்? தாலுகா ஆபீஸ் மழைமானியில தினம் காலையில எட்டரை மணிக்குத் தண்ணி அளந்தே தலை நரைச்சவன் நான். மேல இருந்து வருததை எல்லாம் அளந்து பாத்துட்டுத்தான் பேசுவேன்.

நீ போன்ல காட்டுன படத்தை நானும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் மேல ஊர்ந்து, அரபிக்கடல் வழியா குஜராத்து, ராஜஸ்தான், டெல்லின்னு நீளமா ஒரு பட்டை. படம் பொய்யில்ல. 2025 நவம்பர் 23, ஞாயித்துக்கிழமை, எத்தியோப்பியாவுல அஃபார் சீமையில ஹைலி குப்பின்னு ஒரு மலை வெடிச்சது. நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல தாண்டி, ஒண்ணரை நாளுக்குள்ள அதோட சாம்பல் டெல்லி வானத்துக்கு வந்ததும் நிசம். விமானக் கம்பெனிக்காரன் சில விமானத்தை ரத்து பண்ணுனதும் நிசம். ஆனா எந்த ஒசரத்துல வந்ததுன்னு பாத்தியா? பெரும்பாலும் விமானம் பறக்குற மட்டத்துல. ஒன் மூக்கு என்ன, எட்டு கிலோமீட்டர் நீளமா?

மொட்டை மாடிக்கு ஏறி முத்தத்தை நேர்கீழாப் பாரு. கொடியில காயுற வேட்டியும் தரையில விரிச்ச வேட்டியும் ஒண்ணாத்தான் தெரியும். கீழ நிக்கிறவனுக்குத்தான் எது தலையில இடிக்கும்னு தெரியும். செயற்கைக்கோள் படத்துக்கும் இதே சங்கடம்தான். ஒன் ஊரு பேப்பர்க்காரனும் வாட்ஸ்அப்புக்காரனும் கொடியில கெடந்ததைத் தரையில விரிச்சுட்டான். காத்துத் தரம் கெட்டதுக்கு இந்தச் சாம்பல் பெருசாக் காரணமா இருக்காது, அது மேல்மட்டத்துல போவுதுன்னு வானிலைத் துறை சொல்லத்தான் செஞ்சது. அதை எவன் ஃபார்வேர்டு பண்ணுனான்?

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சும்மாவா சொன்னாவ. நவம்பர் மாசம் டெல்லியில காத்து அசையாது. கீழ்மட்டத்துக் குளிர்ச்சி மேல எழும்பாது. வண்டிப் புகை, ஆலைப் புகை, கட்டடம் கட்டுற புழுதி, வயக்காட்டுல தாள் எரிக்கிற புகை எல்லாம் அங்கனேயே கெடந்து மக்கும். ஆறாயிரத்துக்கோ எட்டாயிரத்துக்கோ மாஸ்க்கும் மிஷினும் வாங்கி வச்சிருக்கியே, அது எரிமலைக்காகவா வாங்குன? ஹைலி குப்பிக்கு 12,000 வருஷத்துல ஒரு வெடிப்புகூட ஏட்டுல பதிவாகி இருக்கல. அம்புட்டு நாள் வாயைத் தொறக்காத மலை ஒரு நாள் தொறந்துச்சு, மறுநாளே ஒங்க ஆளுவ கேஸ் போட்டுட்டிய.

பழி போட உரிமை உள்ளவன் அங்க அஃப்தேரா ஊருக்காரன். வீடு வாசல் எல்லாம் சாம்பல் மூடி, மேய்ச்சல் நெலத்துலயும் சாம்பல் படிஞ்சு, ஆடு மாட்டுக்கு மேய வழியில்லாமப் போச்சு. அவன் கதையைப் படிச்சியா? படிச்சிருக்க மாட்ட.

சரி, கோவிச்சுக்காத. இந்தப் படத்தை எப்படி எடுக்குதாவன்னு என் பேத்தி சொன்னதைச் சொல்லுதேன். அவ இந்தத் தொலையுணர்வுப் படிப்புதான் படிக்கா. இந்துமாக்கடலுக்கு மேல, 36,000 கிலோமீட்டர் ஒசரத்துல, ஐரோப்பாக்காரனோட மீடியோசாட் செயற்கைக்கோள் ஒண்ணு நின்ன எடத்துலயே நின்னு 15 நிமிஷத்துக்கு ஒரு படம் அனுப்புது. நம்ம இன்சாட்டும் அதே ஒசரத்துல காவல் இருக்கு. ராத்திரியிலயும் பாக்கணும்லா, அதனால கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புல பாக்குதாவ. மழை மேகம் 12 மைக்ரான் அலையைக் கூடுதலா விழுங்கும், 11 மைக்ரானைக் கொஞ்சம் கொறைச்சு விழுங்கும். மலைச் சாம்பல்ல சிலிக்கா இருக்கு பாரு, அதுக்கு நேர் தலைகீழ். ரெண்டையும் கழிச்சா மேகத்துக்கு ஒரு குறி, சாம்பலுக்கு ஒரு குறி. ஆஸ்திரேலியாவுல ஃப்ரெட் பிராட்டாங்கிறவர் 1989ல எழுதுன கணக்கு இது. இன்னிக்கும் இதை வச்சுத்தான் ஓடுது. சாம்பல் மேல ஐஸ் படிஞ்சா மட்டும் கணக்கு ஏமாந்து போவும், சாம்பலையும் மேகம்னு சொல்லிப்புடும்.

பாலைவனத்துப் புழுதிக்கும் இதே வித்தைதான். ஆனா படத்துல அது ரோஸ் நெறத்துல தெரியும். ஒன் சிநேகிதன் ஒருத்தன் "அரேபியாவுல ரோஸ் கலர்ல புயல் அடிக்குது பாத்தியா"ன்னு கேட்டானாமே. அந்த ரோஸ் கம்ப்யூட்டர்ல பூசுன சாயம்டா. மூணு அலைக் கணக்கை எடுத்து செவப்பு, பச்சை, நீலம்னு பங்கு போட்டா புழுதி ரோஸா வந்து விழுது, அவ்வளவுதான். அந்தச் சாயமும் ஆசைக்குப் பூசுனதில்ல. மணல் மேல பறக்குற மணலை வெறுங்கண்ணு வெளிச்சத்துல பிரிக்க முடியாது, ரெண்டும் ஒரே நெறம். கடல் கருப்பா இருக்கதால அதுக்கு மேல பறந்தா லேசாத் தெரியும். பாலைவனத்து மேலயே பாக்கணும்னா நீல வெளிச்சத்துல பாக்கணும். ஏன்னா நீலத்துல மணல் கருத்துப்போவும், புழுதி மட்டும் பளிச்சுன்னு நிக்கும்.

எதுக்கு இம்புட்டுப் பாடுன்னு கேக்க. 1982 ஜூன் 24. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம் கோலாலம்பூர்ல இருந்து பெர்த்துக்குப் போய்க்கிட்டு இருக்கு. ராத்திரி. ஜாவா தீவுக்குப் பக்கத்துல, கலுங்குங்னு ஒரு மலை கக்குன சாம்பலுக்குள்ள தெரியாம நுழைஞ்சுட்டு. விமானத்து ரேடார்ல ஒண்ணும் தெரியல. அது தண்ணித் துளியைத் தேடுற ரேடார், சாம்பலோ காஞ்ச சரக்கு. முன்கண்ணாடியில நெருப்புப் பொறி ஓடுது, எஞ்சினுக்குள்ள வெளிச்சம். கொஞ்ச நேரத்துல நாலு எஞ்சினும் ஒண்ணொண்ணா நின்னு போச்சு. சாம்பல்னா அடுப்புச் சாம்பல்னு நெனைக்காத, அது பொடிச்ச பாறை, பொடிச்ச கண்ணாடி. எஞ்சின் சூட்டுல உருகி, உள்ள இருக்குற தகட்டுல போய் ஒட்டிக்கிடும். விமானம் காத்துல மிதந்து மிதந்து 37,000 அடியில இருந்து ஏறக்கொறைய 13,000 அடிக்கு எறங்குனப்புறம், ஒட்டுனது ஆறி உதிர்ந்து, எஞ்சின் திரும்ப எடுத்துச்சு. கேப்டன் எரிக் மூடி ஜகார்த்தாவுல எறக்குனாரு. கண்ணாடி முழுக்கச் சாம்பல் அரிச்சு மங்கிப்போயி, ஓரத்துல ஒரு கீத்து வழியாத்தான் ஓடுபாதையையே பாத்திருக்காரு. ஒன் இண்டிகோக்காரன் அரைமணி லேட்டுன்னா எக்ஸ்ல போய்த் திட்டுதியே, அந்த விமானத்துல இருந்தவனைக் கேக்கணும்.

இந்த மாதிரி ரெண்டு மூணு நடந்தப்புறம்தான் உலகத்தை ஒன்பது பங்காப் பிரிச்சு, எரிமலைச் சாம்பலுக்குன்னே ஒன்பது ஆலோசனை மையம் வச்சாங்க. எத்தியோப்பியா பக்கம் பிரான்சுல துலூஸ் மையத்துப் பங்கு. எந்தெந்த மட்டத்துல சாம்பல் எங்கிட்டுப் போவுதுன்னு எழுதுனது அவிய. பைலட் ஒன்னைப் போலப் படம் பாத்து பயப்பட மாட்டான், மட்டத்தைப் படிப்பான்.

மட்டத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் பெரும்பாடு. நின்ன எடத்து செயற்கைக்கோள் ரெண்டு பக்கத்துல இருந்து ஒரே சாம்பலைப் பாத்தா, கோணத்தை வச்சு ஒசரம் சொல்லலாம். 2022 ஜனவரி 15 டோங்கா தீவுல கடலுக்கடி எரிமலை வெடிச்சப்ப அப்படித்தான் 57 கிலோமீட்டர்னு கணக்குச் சொன்னாங்க. இன்னொரு வழி லேசர். காலிப்சோன்னு ஒரு செயற்கைக்கோள், 2006ல ஏவுனது, 2023ல ஓய்ஞ்சு போச்சு. பச்சை வெளிச்சத்தைச் சட்டுச் சட்டுன்னு கீழ அடிச்சுச்சு, பட்டுத் திரும்புன நேரத்தை வச்சு எந்த அடுக்குல புழுதி இருக்குன்னு கீறிக் காட்டுச்சு. ஆனா தான் போன கோட்டுக்கு நேர்கீழ மட்டும்தான், அக்கம்பக்கத்துல என்ன நடந்தாலும் அதுக்குத் தெரியல.

அந்தக் கோட்டை ஏழு வருஷம் சேத்து வச்சுப் பாத்துதான் ஒரு சங்கதியைச் சொன்னாங்க, எனக்கு ரொம்பப் புடிச்ச சங்கதி. சகாரா பாலைவனத்துல இருந்து வருஷத்துக்குச் சுமார் 18 கோடி டன் புழுதி அட்லாண்டிக் மேல கெளம்புது. அதுல சுமார் 2 கோடியே 80 லட்சம் டன் கடலைத் தாண்டிப் போயி அமேசான் காட்டுல விழுது. அந்தப் புழுதியில 22,000 டன் பாஸ்பரஸ். மழையிலயும் வெள்ளத்துலயும் அமேசான் மண்ணு தொலைக்கிற பாஸ்பரஸும் கிட்டத்தட்ட அம்புட்டுத்தானாம். சாடு நாட்டுல போடெலேன்னு வத்திப்போன ஏரிப் படுகை, புழுதி அங்க இருந்து ஏகமா கெளம்புது. எவனோ ஒருத்தன் ஊரு வத்துன ஏரி, எவனோ ஒருத்தன் காட்டுக்கு எரு. நம்ம ஊருல ஓடை மண்ணை ஒரு வண்டி எடுத்தாலே பஞ்சாயத்து வந்துருது.

கோட்டுல ஓடுற செயற்கைக்கோளைப் பத்திப் பேசும்போது ஒண்ணு சொல்லணும், சொன்னா வெளியில சொல்லாத. பூமியைச் சுத்தி ஓடுற சில செயற்கைக்கோள் வட இந்தியா மேல மத்தியானம் ஒண்ணரை மணி வாக்குலதான் வரும். தினம் அதே நேரம், பஸ் டைம்டேபிள் தோத்துப்போவும். பஞ்சாபுல தாளு எரிக்கிறதை அதை வச்சுத்தான் எண்ணிக்கிட்டு இருந்தாங்க. எண்ணிக்கை கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, அதிகாரிமாருக்கு ஒரே சந்தோசம். பொகை மட்டும் கொறையல. கொரியாக்காரனோட செயற்கைக்கோள் ஒண்ணு பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கும். அதைப் பாத்தா எரிப்பு சாயங்காலத்துக்கு நகர்ந்திருக்குன்னு நாசாவுல இருக்குற ஹிரேன் ஜெத்வா சொன்னாரு. நான் பஞ்சாபு சம்சாரியைக் குத்தம் சொல்லல. வண்டி போற நேரம் பாத்துத் தெருவைக் கடக்கத் தெரியாதவன் சம்சாரியா?

எனக்கும் ஒரு தடவை நடந்திருக்கு. மேலதிகாரி ஒருத்தர் மேகப் படத்தைக் காட்டி, "உம்ம ஊர்ல நேத்து நல்ல மழைய்யா, ஏன் சைபர்னு எழுதியிருக்கீரு"ன்னு பிடிச்சுக்கிட்டாரு. மானிக்குள்ள எறும்பு ஓடுது. மேகம் மேல குளிர்ந்து வெளுத்துக் கெடந்தது, மழை பாதி வழியிலயே காஞ்சு போச்சு. அவருக்குப் படம், எனக்கு எறும்பு. கடைசியில ரெண்டையும் கோப்புல வச்சுத் தச்சாங்க.

அதுக்காக மேல இருந்து பாக்குறவன் ஒண்ணுக்கும் ஆகாதவன்னு நான் சொல்லல. கீழ இருக்குறவன் கண்ணுக்குத் தெரியாததும் அவனுக்குத் தெரியும். அதே 2025 ஜூலையில, ஹைலி குப்பிக்குப் பக்கத்துல எர்த்தா அலேங்கிற மலை பொங்குச்சு. அப்ப பூமிக்கடியில பாறைக்குழம்பு இடத்தை மாத்திப் போனதை ஐரோப்பாவோட சென்டினல்-1 ரேடார் கண்டுபுடிச்சுச்சு. முந்தி எடுத்த படத்தையும் பிந்தி எடுத்த படத்தையும் ஒண்ணா வச்சு, தரை எத்தனை சென்டிமீட்டர் மேடாச்சு, எத்தனை சென்டிமீட்டர் பள்ளமாச்சுன்னு சொல்லிரும். அந்தக் குழம்பு ஹைலி குப்பி பக்கமாத்தான் நீண்டு போச்சு. நாலு மாசங்கழிச்சு மலை வெடிச்சுச்சு. நாள் மட்டும் குறிச்சுக் குடுக்கல, அது ஜோசியர் வேலை.

அதனால மருமவனே, அடுத்த தடவை இந்த மாதிரி படம் வந்தா, என்ன மட்டம், எத்தனை மணிக்கு எடுத்தது, சாயம் எவன் பூசுனதுன்னு கேட்டுட்டு எனக்கு அனுப்பு. கூடவே, படம் வந்த ராத்திரி ஒன் வீட்டு அடுக்ககத்து ஜெனரேட்டர் எம்புட்டு நேரம் ஓடுச்சுன்னும் எழுது. இருமலுக்குச் சுக்குக் காப்பி போடச் சொல்லியிருக்கேன், எத்தியோப்பியாக் காப்பித்தூள் இல்ல, பயப்படாம குடி.

ஆங், அடுத்த மாசம் பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு அந்தமானுக்கு டிக்கெட் போட்டிருக்கேன்னு அத்தை காதுல மட்டும் சொன்னியாமே. அங்கயும் ஒண்ணு இருக்கு, தெரியுமா? பேரன் தீவு, போர்ட் பிளேயர்ல இருந்து சுமார் 140 கிலோமீட்டர். இந்தியாவுல கனல் அடங்காத ஒரே எரிமலை. ஒண்ணரை நூத்தாண்டுக்கு மேல தூங்கிட்டு 1991ல முழிச்சது, 2025 செப்டம்பர்லயும் பொகைஞ்சது. அதுக்குச் சாம்பல் அறிக்கை எழுதுறது ஆஸ்திரேலியாவுல டார்வின் மையம். மனுஷன் யாரும் அங்க குடியில்ல, காட்டு ஆடுக மட்டும் மேயுது. கப்பல்ல போயி தூர நின்னு பாக்கத்தான் விடுவான், எறங்க விடமாட்டான். ஒரு கெடா புடிச்சுட்டு வாரேன்னு அத்தைகிட்ட வாக்குக் குடுத்துராத, அவ இப்பவே அம்மியைக் கழுவ ஆரம்பிச்சுருவா.