எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, கூடவே கொஞ்சம் மேனேஜ்மென்ட்

கல்லூரியில் முதல் நாள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் பக்கத்து பெஞ்சுக்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "வீரபாண்டியா? கௌமாரியம்மன் கோயில் இருக்கே, அந்த ஊரா?" அது தேனிப் பக்கம் என்றேன். "அப்ப சேலமா?" அதுவும் இல்லை. கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தேவையில்லாத வீரபாண்டி என்னுடையது. திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற பஸ்ஸில் "வீரபாண்டி பிரிவெல்லாம் எறங்குங்க" என்று கண்டக்டர் கத்துவார். இறங்கினால் ஓவர்லாக் மிஷின் சத்தமே வழி காட்டும். 2011-இல் ஊரை மாநகராட்சியில் சேர்த்தார்கள். வரி ரசீதின் தலைப்பு மாறியது, சத்தம் மாறவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் ஷீட் போட்ட ஷெட். அதில் பன்னிரண்டு மிஷின். திருப்பூர் பாஷையில் சொன்னால் 'பவர் டேபிள் போட்டிருக்கிறோம்'. பெரிய கம்பெனி துணியை வெட்டிக் கட்டாகக் கொடுக்கும். நாங்கள் பனியனாகத் தைத்துக் கொடுப்போம். கூலி டஜனுக்கு இவ்வளவு என்று பேச்சு. இதற்கும் கெமிஸ்ட்ரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உயர் நீதிமன்றம்தான் சம்பந்தம்.

2011 ஜனவரியில், சாயக் கழிவு ஒரு சொட்டுக்கூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால், திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நொய்யல் ஆற்றுக்கு மூச்சு வந்தது, எங்களுக்கு நின்றது. வெளுக்காத துணியில் யார் பனியன் தைப்பார்கள்? பன்னிரண்டு மிஷினில் நான்கு ஓடின. அப்போது நான் பிளஸ் ஒன். அப்பா டீக்கடையில் போய் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் யாரோ ஒரு ஞானி, "கெமிஸ்ட்ரி தெரிஞ்சவன் நாலு பேரு இருந்தா இந்தத் தண்ணிய சுத்தம் பண்ணிப் போடலாமுங்க" என்று சொல்லிவிட்டார். அந்த நாலு பேரில் ஒருவன் எங்கள் வீட்டிலேயே சும்மா இருப்பது அப்பாவுக்கு உடனே ஞாபகம் வந்தது.

நான் பி.எஸ்ஸி. முடித்து எம்.எஸ்ஸி.க்குள் நுழைவதற்குள், ஊர் எனக்காகக் காத்திருக்காமல் பிரச்சினையைத் தீர்க்கத் தொடங்கியிருந்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வு வைத்து வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் மூட்டை மூட்டையாகக் கழிவு உப்புதான் நின்றது. ஊரைக் காப்பாற்றப் படித்தவனுக்கு ஊர் மிச்சம் வைத்தது அந்த உப்பு மட்டும்.

இந்த நிலைமையில்தான் எம்.எஸ்ஸி.யில் ஒரு அறிவிப்பு வந்தது. ஒவ்வொருவரும் வேறு துறையிலிருந்து ஒரு பாடம் எடுத்தாக வேண்டும். சீனியர்களைக் கேட்டோம். "மேனேஜ்மென்ட் எடுங்கடா. கத எழுதியே பாஸ் ஆயிரலாம்" என்றார்கள். கரிம வேதியியலில் ஒரு அம்புக்குறி திசை மாறினால் முழு மார்க்கும் போகும். இங்கே அம்புக்குறியே இல்லை என்றார்கள். வகுப்பே அதில் விழுந்தது.

இந்த யோசனை எங்கள் கல்லூரிக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1997 முதல் ஸ்லோன் அறக்கட்டளை காசு கொடுத்து, அறிவியல் முதுகலையோடு வியாபாரப் பாடத்தையும் கலந்து ஒரு தனிப் பட்டத்தையே வளர்த்தது. அந்த ஸ்லோன், ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியை நடத்தியவர். கார் விற்ற பணத்தில் விஞ்ஞானிகளுக்குக் கணக்குப் புத்தகம். ஆனால் இந்தக் கலவை அதைவிடப் பழசு. மேனேஜ்மென்ட் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் வருகிற இரண்டு பெரியவர்களுமே தொழில்நுட்பக்காரர்கள். பிரான்ஸ்காரர் ஃபயோல் சுரங்கப் பொறியாளர். அமெரிக்காவின் டெய்லர், இரும்பு வெட்டும் எஃகைச் சூடேற்றிச் சூடேற்றி ஆராய்ந்தவர். உருப்படியான வேலையில் இருந்த இருவரும் பாதியில் வழிமாறி, மற்றவர்கள் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று எழுதப் போய்விட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் ஒரு பாசம் உண்டு.

பாசம் முற்றியதில் ஒரு செமஸ்டர் லீவில் செல்போன் ஸ்டாப்வாட்சுடன் ஷெட்டுக்குள் போய் நின்றேன். டெய்லர் பெயர் கொண்ட ஒருவர் எழுதியதை டெய்லர்களிடம் சோதித்துப் பார்க்காவிட்டால் எப்படி?

எங்கள் ஷெட்டின் மூத்த ஆளை எல்லோரும் ஓவர்லாக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பனியனின் இரண்டு தோள்பட்டையை மூட்டுவது அவருடைய வேலை. பீஸை எடுத்து, விளிம்பைச் சேர்த்து, பெடலை ஒரு மிதி. 'சர்ர்' என்று ஒரு சத்தம். திருப்பி, இன்னொரு 'சர்ர்'. பீஸ் பெட்டியில் விழும். நான் பக்கத்தில் நின்று அளந்தேன். பத்தொன்பது விநாடி. மறுபடி, பத்தொன்பது. பத்துப் பீஸுக்கும் பத்தொன்பது. ஆய்வகத்தில் இரண்டு வருஷமாக எனக்கு ஒரு டைட்ரேஷனில்கூட இப்படி ஒரே அளவு வந்ததில்லை. புல்லரித்துப் போனேன்.

சாயங்காலம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செருப்பைத் தேடிப் போனபோது ஜன்னல் வழியாக 'சர்ர் சர்ர்' கேட்டது. கை சும்மா இருக்கவில்லை, அளந்தேன். பன்னிரண்டு விநாடி.

அடுத்த நாள் அக்காவிடமே கேட்டேன். அவர் மிஷினை நிறுத்தக்கூட இல்லை. "தம்பி, நீங்க நிக்கறப்ப நான் பன்னெண்டுல முடிச்சேன்னு வைங்க. நாளைக்கு உங்கப்பாகிட்டச் சொல்லுவீங்க. அவரு டஜன் ரேட்டுல கை வெப்பாரு. பத்தொம்பதே இருக்கட்டும்."

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அதே விஷயம் இருந்தது. ஆள் வேண்டுமென்றே மெதுவாகச் செய்வதைப் பற்றி, ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம் என்று 1911-லேயே டெய்லர் எழுதி வைத்திருக்கிறார். சிகாகோ பக்கம் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1931-32-இல் பதினான்கு ஆண்களை ஒரு அறையில் உட்காரவைத்துக் கவனித்தார்கள். அவர்களும் தங்களுக்குள் ஒரு அளவு பேசி வைத்துக்கொண்டு, அதைத் தாண்டாமல் வேலை செய்தார்கள். அதிகம் செய்கிறவனைக் கூட இருப்பவர்களே தோளில் குத்துவார்களாம். எங்கள் ஷெட்டில் குத்துவதில்லை. டீ வாங்கப் போகும்போது அவனுக்கு மட்டும் சொல்லாமல் போய்விடுவார்கள்.

சும்மா இருக்காமல் அக்காவுக்கு டெய்லரின் பிரபலமான கதையையும் சொன்னேன். ஒரு ஆள் நாளைக்குப் பன்னிரண்டரை டன் இரும்புக் கட்டி சுமந்துகொண்டிருந்தான். டெய்லர் சொன்னபடி நடந்து, சொன்னபடி உட்கார்ந்து, நாற்பத்தேழரை டன் சுமந்தான். கூலி 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட் ஆனது.

அக்காவின் 'சர்ர்' நின்றது. "வேல கிட்டத்தட்ட நாலு மடங்கு. கூலி ஒண்ணர மடங்கு. மீதி எங்க போச்சு தம்பி?"

அந்தக் கேள்வி எங்கள் பரீட்சைத் தாளில் வரவில்லை.

இந்த இடத்தில் 'படிக்காத மேதை' என்று வாட்ஸ்அப்பில் போடுகிற மாதிரி ஒரு கட்டுரையாக இதை முடித்துவிடலாம். நான் அந்தக் கட்சி இல்லை. ஊசி தீர்ந்தபிறகு ஊசி வாங்க ஆள் அனுப்புகிற ஊர் இது. ஆறு மிஷின் அரை நாள் நிற்கும், ஊசி வந்ததும் எல்லோரும் ராத்திரி வரை உட்காருவார்கள், கேட்டால் "நம்ம பொழப்பே அப்படித்தானுங்" என்பார்கள். புத்தகத்தில் எவ்வளவு எப்போது வாங்குவது என்பதற்கு 1913-லிருந்து ஒரு சூத்திரம் இருக்கிறது, வர்க்கமூலத்தோடு. சூத்திரமெல்லாம் வேண்டாம், இரண்டு டப்பா ஊசி கூட வாங்கி வைத்தால் போதும் என்று நானே சுருக்கிச் சொன்னேன். அப்பா வாங்கினார். அதுதான் என் எம்.எஸ்ஸி.யால் வீட்டுக்குக் கிடைத்த முதல் லாபம். மாஸ்லோவின் தேவைப் படிநிலையையும் ஒரு நாள் முயன்று பார்த்தேன். சாப்பாடும் பாதுகாப்பும் கீழ்ப்படி, மரியாதை மேல்படி. வீரபாண்டியில் கம்பத்துக்குக் கம்பம் 'டெய்லர்கள் தேவை' என்று போர்டு தொங்குகிறது. இங்கே ஒருவரை வாடா போடா என்றால் திங்கட்கிழமை எதிர் ஷெட்டில் அட்வான்ஸ் வாங்கி உட்கார்ந்திருப்பார். மரியாதை இங்கே அடிப்படி. அத்துடன் மாஸ்லோவை மடித்து வைத்தேன்.

ஸ்டாப்வாட்சோடு நான் அலைவதைப் பொறுக்க முடியாமல் ஓவர்லாக் அக்காவே ஒரு நாள் வழி சொன்னார். "எங்களையே ஏந்தம்பி புடிக்கறீங்க? மாலெல்லாம் எங்க நிக்குதுன்னு பாருங்க."

பார்த்தேன். தைத்த பனியன் மலையாக நின்றது ஷெட்டின் மூலையில். பிசிறு வெட்டுகிற இடம். தையல் முடிந்த பீஸில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை நறுக்கி, ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்து, மடித்து, டஜன் கட்டுகிற மூலை. அதில் ஆள் இல்லை. ஆள் சமையலறையில் இருந்தது. அம்மா.

வேதியியலில் இதற்குப் பெயர் உண்டு. பல படிகளில் நடக்கிற வினையில் மிக மெதுவான படிதான் மொத்த வினையின் வேகத்தைத் தீர்மானிக்கும். மற்ற படிகளை எவ்வளவு விரட்டினாலும் பிரயோஜனம் இல்லை. மேனேஜ்மென்ட் புத்தகம் அதையே பாட்டில் கழுத்து என்கிறது. எம்.எஸ்ஸி.யின் இரண்டு பாதியும் ஒன்றையொன்று பார்த்துக் கைகுலுக்கியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிக்கும்வரை அம்மா வர மாட்டார். அதுவரை பன்னிரண்டு மிஷினும் மலையைத்தான் உயர்த்தும்.

அந்த மூலைக்கு ஒரு ஆள் போடலாம் என்றேன். "அதுக்குக் கட்டுமா?" என்றார் அப்பா. கட்டுமா என்று பார்க்க உட்கார்ந்ததில்தான் வினை வேறு பக்கம் திரும்பியது.

அப்பாவின் கணக்கு ஒரு டைரிப் பக்கம். டெய்லர் கூலி, தையல் நூல், ஊசி, எண்ணெய், கரண்ட், டீ. போக மிச்சம் லாபம். நான் புத்தகப்படி எழுதினேன். சொந்த ஷெட்டாக இருந்தாலும் அதற்கு வாடகை. மிஷின் தேய்மானம். பிறகு, மூலையில் தினம் நாலு மணி நேரம் பிசிறு வெட்டுகிற ஆளுக்கு, வெளியாளுக்குக் கொடுக்கிற அதே ரேட்டில் சம்பளம். கூட்டிக் கழித்தேன். டஜனுக்கு 38 பைசா நஷ்டம் என்று வந்தது. மறுபடி கூட்டினேன். அதே 38.

அப்பா காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் லாபம் இருக்கும் என்பதுபோல. "அப்ப இத்தன வருசமா நாம எதுலடா சோறு தின்னோம்?"

"அம்மா சம்பளத்துலப்பா. நாம குடுக்காம விட்டது."

வாய் தவறி வந்துவிட்டது. சமையலறையில் தாளிக்கிற சத்தம் நின்றது.

அம்மா கரண்டியோடு வந்து வாசலில் நின்றார். "ஏங்கண்ணு, என்ன சம்பளம்?" நிலைமையைச் சமாளிக்க எனக்குக் கைவந்த துறைக்கு ஓடினேன். "அம்மா, கெமிஸ்ட்ரில கேட்டலிஸ்ட்னு ஒண்ணு இருக்கு. அது இருந்தா வினை வேகமா நடக்கும். ஆனா கடைசிச் சமன்பாட்டுல வராது. அதுவும் செலவாகாது. நீங்க அந்த மாதிரி."

"யாருடா செலவாகாதது? முட்டிக்குத் தைலம் மாசம் ரெண்டு பாட்டில் போகுது. அது உம்பட சமன்பாட்டுல வருதா?"

ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரில் தங்கி, விவசாயக் குடும்பங்களிலிருந்து தொழிலாளிகளாக வந்தவர்கள் பனியன் முதலாளிகளான கதையை ஆராய்ந்து 2004-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். எப்படி மேலே வந்தீர்கள் என்றால் அந்த முதலாளிகள் சொன்ன பதில், உழைப்பு. புத்தகத்தின் பெயர் 'ஃப்ரட்டர்னல் கேபிடல்'. அண்ணன் தம்பி முதல் என்று சொல்லலாம். கல்லூரி நூலகத்தில் அதைப் பிறகு பார்த்தபோது எனக்கு அந்தக் கரண்டிதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை ஹார்வர்டில் பாடமாக வைக்கலாம். அம்மா முதலில் பாக்கி கேட்டார், கல்யாணமான நாளிலிருந்து. அப்பா, "உனக்குப் போட்ட நகையெல்லாம் என்ன கணக்குல வருது?" என்றார். "அதுல பாதி இப்ப பேங்குல அடமானத்துல இருக்குதுங்க. அது கம்பெனிக் கணக்குதான?" என்றார் அம்மா. அப்பா என் பக்கம் திரும்பி, நீ என்னதான் படிக்கிறாய் என்பதைப்போல் பார்த்தார். பாக்கியைக் கைவிட்டு, வருகிற சனிக்கிழமையிலிருந்து சம்பளம் என்று முடிவானது. பீஸ் ரேட்டா, ஷிப்ட் கணக்கா என்பதில் மட்டும் இழுபறி. பீஸ் ரேட் என்றார் அப்பா. ஒரு பீஸுக்கு எவ்வளவு நேரம் என்று தெரியாமல் ரேட் போட முடியாது. அளக்கிற பொறுப்பு, படித்த ஆள் என்ற முறையில், என்னிடம் வந்தது.

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் போனேன். அம்மா மூலையில் கத்தரியோடு உட்கார்ந்திருந்தார். கதவருகிலிருந்து பார்த்தபோது கை பறந்துகொண்டிருந்தது. என் கையில் இருந்த போன் அவர் கண்ணில் பட்டது. எடுத்த பனியனை மெதுவாக மடியில் போட்டார். நீவிவிட்டார். ஒரு நூலை விரலால் தேடிப் பிடித்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, நறுக்கினார். பனியனைத் திருப்பினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார்.

எதிர்ப்பக்கம் ஓவர்லாக் அக்கா மிஷின்மேல் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.