இடித்தவர் பாலிசியைப் பிடியுங்கள்!

பட்டு, கோயில், இட்லி என்று கேட்டுக்கொண்டிருந்த காஞ்சிபுரம் வாசகர்கள் இந்த முறை காரில் வந்திருக்கிறார்கள். அதுவும் நசுங்கிய கார். முக்கால்வாசிப் பேருக்கு ஒரே குறைதான்: கையில் இருப்பது தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்.

கேள்வி: கடை வாசலில் நிறுத்தியிருந்த என் காரின் கதவை, ரிவர்ஸ் எடுத்த குட்டி யானை ஒன்று நசுக்கிவிட்டது. எனக்குத் தேர்டு பார்ட்டி மட்டும்தான். "உங்களுக்கு ஒன்றும் வராது" என்று என் இன்சூரன்ஸ் ஆபீசில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதானா?
(பட்டுக்கடை ஊழியர், காந்தி ரோடு)

பதில்: அவர்கள் சொன்னது சரி. நீங்கள் போன ஆபீஸ்தான் தப்பு. உங்கள் காரால் அடுத்தவருக்கு நஷ்டம் வந்தால்தான் உங்கள் பாலிசி பணம் கட்டும். உங்கள் கதவைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. ஆனால் குட்டி யானைக்கும் ஒரு பாலிசி இருந்தாக வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பாலிசிக்கு மூன்றாம் நபர் சாட்சாத் நீங்கள்தான். ஆகவே உங்கள் பாலிசியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அவருடையதைத் தேடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் வண்டி நம்பரைப் போட்டால் இன்சூரன்ஸ் விவரம் வரும்.

கேள்வி: இடித்தவர் ஐந்நூறு ரூபாயை நீட்டி, "முடிச்சுக்கலாம் சார்" என்கிறார். வாங்கலாமா?
(ஒலிமுகமதுபேட்டை வாசகர்)

பதில்: ஐந்நூறு ரூபாய்க்கு டிங்கரிங் கடைக்காரர் காரைச் சுற்றிவந்து "அடடா" சொல்வார். அதற்கு மேல் கை வைக்க மாட்டார். முதலில் எஸ்டிமேட் வாங்குங்கள். அந்தத் தொகையை இடித்தவரே கொடுத்தால் கோர்ட்டு, வக்கீல் எதுவும் வேண்டாம். சின்னச் சேதத்துக்கு அதுதான் உத்தமம். "எல்லாம் தீர்ந்தது" என்று மட்டும் பாதிப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

"இன்சூரன்ஸ்ல சொன்னா என் போனஸ் போயிடும்" என்று அவர் கெஞ்சலாம். நோ கிளெய்ம் போனஸ் என்பது அவர் தம் சொந்தக் காருக்குக் கிளெய்ம் போடாமல் இருப்பதற்கான சலுகை. உங்கள் கதவுக்கு அவர் கம்பெனி பணம் கட்டுவதால் அது போகாது. இதை அன்பாக எடுத்துச் சொல்லுங்கள். பல பேர் அந்த இடத்தில்தான் இறங்கி வருவார்கள்.

கேள்வி: இடிபட்ட இடத்தில் என்னென்ன செய்ய வேண்டும்? கத்துவதைத் தவிர.
(கல்லூரி மாணவி, ஏனாத்தூர்)

பதில்: கத்துவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் போனை எடுங்கள். வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பே இரண்டும் ஒரே படத்தில் விழ வேண்டும், நம்பர் பிளேட்டும் பின்னால் ஏதாவது ஒரு கடைப் பலகையும் தெரிய வேண்டும். எதிராளியின் ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., பாலிசி மூன்றையும் படம் எடுங்கள். அன்றைக்கே பக்கத்துக் கடையில் சி.சி.டி.வி. பதிவைக் கேளுங்கள். பத்து நாள் கழித்துப் போனால் அதன் மேல் வேறு பதிவு ஏறியிருக்கும்.

அடுத்து போலீஸ் நிலையம். அங்கே சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்பார்கள். சமரசத்துக்கு அது போதும். வழக்கு என்று போனால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் நகராது. வேகமாகவோ அஜாக்கிரதையாகவோ ஓட்டி ஆபத்து விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவில் குற்றம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். வழக்கு பதிவானால் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பார்த்து எழுதும் அறிக்கையும் உங்களுக்கு ஒரு சாட்சி.

காரை அவசரப்பட்டு ரிப்பேர் செய்துவிடாதீர்கள். எதிராளிக்கும் அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் போட்டு, சர்வேயரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரை நீங்களே அமர்த்தி மதிப்பீடு வாங்கலாம். ஒர்க்‌ஷாப்பில் ஜி.எஸ்.டி. போட்ட முழு பில் கேளுங்கள். துண்டுச் சீட்டில் "டோர் 8, பெயின்ட் 4" என்று எழுதித் தந்தால், அது எட்டாயிரமா எண்ணூறா என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்பார்.

கேள்வி: எதிராளியின் கம்பெனி எவ்வளவு வரைக்கும் கட்டும்?
(மருந்துக்கடைக்காரர், சின்ன காஞ்சிபுரம்)

பதில்: இடித்தது கார் என்றால் சொத்துச் சேதத்துக்கு ஏழரை லட்சம் வரை, இரு சக்கர வாகனம் என்றால் ஒரு லட்சம் வரை, வழக்கமான கணக்கு இது. ஒரு பொறியும் இருக்கிறது. பாலிசி எடுக்கும்போது இந்த வரம்பை வெறும் 6,000 ரூபாயாகச் சுருக்கிக்கொள்ள ஒரு வசதி உண்டு. அதற்காகக் கார்க்காரருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி 100 ரூபாய், பைக்காரருக்கு 50. அந்த நூறு ரூபாயை மிச்சம் பிடித்த மகராசன் உங்களை இடித்தால் கம்பெனி ஆறாயிரத்தோடு ஒதுங்கிக்கொள்ளும். மீதியை அவரிடம்தான் வாங்க வேண்டும். பாலிசியைப் படம் பிடிக்கும்போது முதல் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: கம்பெனி பதிலே போடவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகட்டுமா?
(ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெரிய காஞ்சிபுரம்)

பதில்: போனால் வாசலிலேயே, "நீங்கள் அந்தக் கம்பெனிக்குப் பிரீமியம் கட்டினீர்களா?" என்று கேட்பார்கள். கட்டியது இடித்தவர், எனவே நுகர்வோரும் அவர்தான். இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்திலும் இதே கதை.

உங்களுக்கான இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். கை கால் போனால்தான் அங்கே போக முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். சேதமான சொத்தின் உரிமையாளரும் மனுப் போடலாம் என்று 166-ஆவது பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. விபத்து கிருஷ்ணகிரியில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம். சேதம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால், விருப்பப்பட்டால் சிவில் கோர்ட்டுக்கும் போகலாம். அவ்வளவு பொறுமை உங்களுக்கு இருந்தால்.

ஒன்றே ஒன்றில் மட்டும் அசிரத்தை வேண்டாம். 2019-இல் திருத்திய சட்டத்தின் இழப்பீட்டுப் பகுதி 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்ற கெடுவும் வந்துவிட்டது. "தை பிறக்கட்டும், பார்க்கலாம்" என்று உட்கார்ந்தால் தை பிறக்கும், கெடு செத்திருக்கும். மனுப் போட்ட பிறகு மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனி வக்கீலும் அங்கேதான் பேரத்துக்கு இறங்குவார். அங்கே முடிந்ததற்கு மேல்முறையீடும் கிடையாது.

கேள்வி: காலையில் தெருவில் பாவு விரித்திருந்தோம். ஒரு கார் ஏறி அறுத்துக்கொண்டு போய்விட்டது. இதற்கு இன்சூரன்ஸ் உண்டா, அல்லது கார்களுக்கு மட்டும்தானா?
(நெசவாளர், பிள்ளையார்பாளையம்)

பதில்: இந்த முறை வந்ததிலேயே சுவாரசியமான கேள்வி இது. தாராளமாக உண்டு. மூன்றாம் நபரின் சொத்து என்பது சுவராக இருக்கலாம், தறியாக இருக்கலாம், விரித்துப் போட்ட பட்டு நூலாகவும் இருக்கலாம். சட்டம் பம்பரையும் பாவையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சொத்துச் சேதத்துக்கு மனுப் போட வேண்டியவர் அதன் உரிமையாளர். அது சங்கத்துப் பாவு என்றாலோ, மாஸ்டர் வீவர் கொடுத்தது என்றாலோ, நூல் உங்களுடையது இல்லை, உங்களுடையது கூலி. கம்பெனி வக்கீல் முதல் நாளே இதைப் பிடித்துக்கொள்வார். அதனால் சங்கத்தையோ முதலாளியையோ மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாவு கொடுத்த சீட்டு, எடை, நூலின் விலை மூன்றும் எழுத்தில் வேண்டும். ஒரு பாவில் எத்தனை சேலை இறங்கும், ஒரு சேலைக்கு என்ன கூலி என்று சங்கத்தில் எழுதி வாங்கினால் கூலி நஷ்டத்தையும் சேர்த்துக் கேட்கலாம். எவ்வளவு கொடுப்பது என்பது தீர்ப்பாயத்தின் கையில். இழைகளை முடிந்து ஒப்பேற்றுவதற்கு முன்னால் படம் எடுத்தீர்களா? நெசவாளருக்குக் கை சும்மா இருக்காது என்று தெரியும். படம் எடுக்கும் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

"தெருவை அடைத்தது யார் தப்பு?" என்றும் கேட்பார்கள். தப்பில் உங்களுக்கும் பங்கு என்று தீர்மானித்தால் அந்த விகிதத்தில் தொகை குறையும், அடியோடு போகாது. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சைக்கிளையோ கல்லையோ தெருமுனையில் வைத்திருந்தால் அதுவும் படத்தில் இருக்கட்டும்.

கேள்வி: தேரோட்டத்தின்போது தேர் என் காரை உரசிவிட்டால்?
(குறும்புக்கார வாசகர், ராஜ வீதி)

பதில்: எந்திர விசையால் ஓடுவதுதான் மோட்டார் வாகனம். வடம் பிடித்து இழுப்பது அந்தக் கணக்கில் வராது. எனவே தீர்ப்பாயம் இல்லை, தேர்டு பார்ட்டியும் இல்லை. தேரோட்டத்தன்று ராஜ வீதியில் காரை நிறுத்தியது ஏன் என்று பெருமாள் கேட்பதற்கு முன் போக்குவரத்துப் போலீஸ் கேட்டுவிடும்.

கேள்வி: மாடு குறுக்கே வந்து என் பானெட் போய்விட்டது. மாட்டுக்காரர் என்னிடமே பணம் கேட்கிறார்!
(வாலாஜாபாத் வாசகர்)

பதில்: தப்பு உங்கள் மேல் என்று ஆனால், மாட்டுக்கு உங்கள் தேர்டு பார்ட்டி பாலிசி பணம் கட்டும். பானெட்டுக்குக் கட்டாது. மாட்டை அவிழ்த்து விட்டவர்மேல் சிவில் வழக்குப் போடலாம். மாட்டின் மேல் பாலிசி தேடாதீர்கள்.

கேள்வி: புதுக் கார் வாங்கும்போது மூன்று வருஷ இன்சூரன்ஸ் என்றார்கள். இரண்டாவது வருஷம் சுவரில் இடித்துக்கொண்டேன். "கவர் இல்லை" என்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களா?
(ஒரகடம் தொழிற்சாலை ஊழியர்)

பதில்: அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். கோவையின் எலும்பு முறிவு மருத்துவ நிபுணர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருஷமும் புது பைக்குக்கு ஐந்து வருஷமும் தேர்டு பார்ட்டி கட்டாயம். மூன்று வருஷம் என்பது அந்தப் பகுதிக்கு மட்டும். உங்கள் காரின் சொந்தச் சேதத்துக்கான பகுதி ஒரே வருஷத்துக்குத்தான் இருந்திருக்கும். அதை நீங்கள் புதுப்பிக்கவில்லை.

பாலிசியில் ஐ.டி.வி. என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே காரின் மதிப்பு ரூபாயில் இருந்தால் சொந்தச் சேதத்துக்கும் கவர் உண்டு. பூஜ்யமோ கோடோ இருந்தால், சுவர் உடைந்தால்தான் பணம், அதுவும் சுவர்க்காரருக்கு. 2019 செப்டம்பரிலிருந்து சொந்தச் சேத பாலிசியைத் தனியாகவும், வேறு கம்பெனியிலும் எடுக்கலாம். இடையில் விட்டுப்போயிருந்தால் காரைப் பார்த்துப் படம் எடுத்த பிறகே கொடுப்பார்கள். பழைய நசுங்கலுக்குப் புதுப் பாலிசி என்ற யோசனையைக் கைவிடுங்கள்.

கேள்வி: எல்லாப் புது வண்டிக்கும் "பம்பர் டு பம்பர்" கட்டாயம் என்று ஹைகோர்ட் சொன்னதே?
(டிராவல்ஸ் உரிமையாளர், பஸ் நிலையம் அருகில்)

பதில்: சொன்னது, 2021 ஆகஸ்டில். செப்டம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அந்த வழக்கில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. வெறும் தேர்டு பார்ட்டி போட்ட காரில் போனவரின் உயிரிழப்புக்குக் கம்பெனி கட்ட வேண்டுமா என்பதுதான் அங்கே கேள்வி. தனியார் காரில் கூட உட்கார்ந்து வரும் சொந்தக்காரர்கூட அந்தப் பாலிசிக்கு மூன்றாம் நபர் இல்லை. கல்யாணப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு கார் ஏறுகிறவர்கள் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: குட்டி யானை டிரைவரிடம் கார் லைசென்ஸ்தான் இருந்ததாம். அதனால் பணம் தர முடியாது என்கிறது அவர் கம்பெனி.
(முதல் கேள்வி கேட்டவரே, காந்தி ரோடு)

பதில்: 7,500 கிலோவுக்குள் இருக்கும் போக்குவரத்து வாகனத்தை எல்.எம்.வி. லைசென்சிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. தேதி போட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்த காரணத்தைத் தேட அவர்களுக்குக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

கேள்வி: மழையில் வேகவதி ஓரம் நிறுத்திய கார் மூழ்கிவிட்டது. யாரைப் பிடிப்பது?
(ஓரிக்கை வாசகர்)

பதில்: வருணனுக்குப் பாலிசி இல்லை. தேர்டு பார்ட்டியில் காலணா வராது. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகி எஞ்சினையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: வெள்ளை கேட் பக்கம் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். நம்பரும் தெரியாது.
(லோடு மேன், பொன்னேரிக்கரை)

பதில்: நம்பர் தெரியாத வண்டி மோதி ஓடினால் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 என்று அரசுத் திட்டம் இருக்கிறது. காருக்கு அதில் ஒரு பைசா இல்லை. சி.சி.டி.வி. உள்ள கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் ஏறி இறங்குங்கள். நம்பர் கிடைத்தால்தான் கதை ஆரம்பம்.

கேள்வி: நம்பர் இருக்கிறது, ஆள் இருக்கிறார். அவரிடம் இன்சூரன்ஸே இல்லை!
(செவிலிமேடு வாசகர்)

பதில்: வண்டி உரிமையாளர் தம் பையிலிருந்துதான் கட்ட வேண்டும். காப்பீடு இல்லாமல் ஓட்டியதற்கு முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அது தனிக் கணக்கு. உங்களுக்கு உதவப்போவது இன்னொன்று. காப்பீடு இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுக்கு ஈடு கட்டாமல் அதை விடுவிக்கக் கூடாது என்ற விதியை எல்லா மாநிலங்களும் கொண்டுவர 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிற்கும்போது அந்த விதியை உங்கள் வக்கீல் எடுத்துக் காட்டட்டும். நாலு நாளில் உரிமையாளரே உங்களுக்குப் போன் செய்வார். முதல் ரிங்கிலேயே எடுத்துவிடாதீர்கள்.